மீனும் உருளைக்கிழங்கும்: வீட்டில் செய்யும் எளிய இரவுச் சாப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீனையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாகவே தட்டில் வைத்து ஓவனில் தள்ளிவிடலாமா?

கூடாது. முதல்முறை செய்தபோது நான் அப்படித்தான் தள்ளினேன். அரை மணி நேரம் கழித்து எடுத்தால் மீன் அட்டை மாதிரி இருந்தது, உருளையைக் கடித்தால் நறுக்கென்றது. இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போனதுதான் மிச்சம்.

சமையலில் தவறு ஒன்றும் இல்லை, கணக்கில்தான் தவறு. உருளைக்கு முக்கால் மணி நேரம் வேண்டும், மீனுக்குப் பத்து நிமிடம் போதும். மீனின் தசை நம் கால்தசை போல உடம்பைத் தூக்கிச் சுமப்பதில்லை, தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அதனால் அதில் கெட்டியான இணைப்புத் திசு மிகக் குறைவு. கொஞ்சம் சூடு பட்டாலே இளகி, ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். உருளையோ மாவுச்சத்து நிரம்பிய கெட்டிக்கிழங்கு. அதன் செல்சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகவே சுமார் 85 டிகிரிக்கு மேல் சூடு நடுப்பகுதி வரை போய்ச் சேர வேண்டும்.

ஆக, இந்தச் சாப்பாட்டில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உருளையை முன்னால் அனுப்புங்கள், மீன் கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்ளட்டும்.

சரி, இரண்டு பேருக்கு என்னென்ன எடுத்துக்கொள்வது?

உருளைக்கிழங்கு அரை கிலோ. முள் நீக்கிய மீன் துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 150 முதல் 180 கிராம், தடிமன் இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு சின்னத் துண்டு, பூண்டு நான்கைந்து பல், எலுமிச்சை ஒன்று, உப்பு, மிளகு. கைவசம் ஏதாவது பச்சைத் தழை இருந்தால் கடைசியில் தூவிக்கொள்ளலாம். இல்லையென்றால் குடிமுழுகிப் போகாது.

நேரக் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

அடுப்பில் உருளையை ஏற்றும்போதே ஓவனை 220 டிகிரியில் போட்டுவிடுங்கள். எண்ணெய் ஊற்றிய தட்டும் உள்ளேயே சூடாகட்டும்.

உருளை கொதிநிலைக்கு வந்து அரைவேக்காடு ஆக ஏறக்குறைய 18 நிமிடம் பிடிக்கும். வடித்து, ஆவி போகவிட்டு, 20-வது நிமிடம் சூடான தட்டில் பரப்பி ஓவனில் வையுங்கள். 30-வது நிமிடம் மீனில் உப்பு தடவி வைத்துவிடுங்கள். 40-வது நிமிடம் உருளையைப் புரட்டிவிடுங்கள். 45-ல் மீனை ஒற்றித் துடைத்து, எண்ணெய் தடவி, உருளையை ஓரமாக ஒதுக்கி அதே தட்டில் வையுங்கள். 55 முதல் 57-க்குள் இரண்டையும் வெளியே எடுத்துவிடலாம்.

மொத்தம் ஒரு மணி நேரம். அதில் நீங்கள் நின்று வேலை செய்வது 15 நிமிடம்கூட இருக்காது.

எந்த உருளைக்கிழங்கு வாங்க வேண்டும்?

பொதுவாக இரண்டு ரகம். மாவு ரகத்தில் மாவுச்சத்து அதிகம், தண்ணீர் குறைவு. வெந்தால் உதிரும். மொறுமொறு வறுவலுக்கும் மசியலுக்கும் அதுதான் சரி. மற்றது மெழுகு ரகம், வெந்தாலும் வடிவம் கலையாது. சாலட்டுக்கும், குழம்பில் முழுசாகப் போடவும் அது நன்றாக இருக்கும்.

பார்த்தவுடன் எது எதுவென்று சொல்லிவிட முடியாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு கிழங்கைப் போடுங்கள். மாவு ரகம் அடர்த்தியானது, மூழ்கும். மெழுகு ரகம் மிதக்கும். எனக்கு இது விளையாட்டு மாதிரி, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கிடைத்தது எதுவானாலும் செய்யலாம். மெழுகு ரகம் மொறுமொறுப்பில் கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான்.

நேராக ஓவனில் வைக்காமல் முதலில் எதற்கு வேகவைக்கிறோம்?

வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு போலவும் வேண்டும் என்றால் இதைத் தாண்டிப் போக முடியாது. இந்த ஒரு படியைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் கரைந்துபோகும், நடுவில் பச்சையாகவே நிற்கும். லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு. விருப்பம் இருந்தால் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் போடலாம். காரத்தன்மை பெக்டினைச் சீக்கிரம் உடைக்கும், வெளிப்பக்கம் கூழாகும். அந்தக் கூழ்தான் பிறகு மொறுமொறுப்பாக மாறுகிறது. புளிப்பு இதற்கு நேர் எதிர். தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டால் கிழங்கு உடையாமல் கெட்டியாக நிற்கும். அது சாலட்டுக்கு உதவும், இங்கே வேண்டாம்.

கொதித்த பிறகு எட்டு நிமிடம் போதும். கத்தி முனை ஓரத்தில் எளிதாக இறங்கி, நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். வடிகட்டியில் கொட்டி விட்டு, அப்படியே இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் ஒவ்வொரு துண்டும் ஈரத்தில் பளபளக்கும். ஆவி கிளம்பக் கிளம்ப அந்தப் பளபளப்பு மங்கி, சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்து வரும். அதுதான் பதம். இப்போது வடிகட்டியைப் பிடித்து நாலு குலுக்குக் குலுக்குங்கள். முனைகள் மழுங்கி, மேலெல்லாம் சொரசொரவென்று மாவு படியும். அந்தச் சொரசொரப்பில்தான் எண்ணெய் பிடித்துக்கொள்ளும்.

ஈரத்தோடு வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. வறுபட்ட நிறமும் மணமும் வருவதற்குச் சுமார் 140 டிகிரி வேண்டும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும் இந்த வினையை 1912-ல் விளக்கியவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் பெயரிலேயேதான் இன்றும் அது அழைக்கப்படுகிறது.

பூண்டை எப்போது போடுவது?

மீன் உள்ளே போகும்போதுதான். ஆரம்பத்திலேயே போட்டால் கருகிக் கசக்கும். தோலோடு நசுக்கிப் போட்டால் இன்னும் பாதுகாப்பு.

எந்த மீன் நல்லது?

தடிமனான சதை உள்ள மீன் எதுவும் ஆகும். கொடுவா, வஞ்சிரம், சால்மன், காட் எல்லாமே இதற்குப் பொருந்தும். முதல்முறை செய்கிறவர்களுக்குக் கொழுப்புள்ள மீனையே சொல்வேன். இரண்டு நிமிடம் கூடிப்போனாலும் அது வறண்டுபோகாது, நம் தப்பை மன்னிக்கும். காட் மாதிரி கொழுப்பில்லாத வெள்ளை மீன் அப்படி மன்னிக்காது.

மெல்லிய துண்டாக இருந்தால் கவனம். தடிமன் இரண்டரை சென்டிமீட்டருக்குப் பத்து நிமிடம் என்பது பழைய கணக்கு, ஓரளவு சரியாகவே வரும். ஒரு சென்டிமீட்டர் துண்டு என்றால் நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வால்பக்கம் மெலிந்திருந்தால் அந்த நுனியை அடியில் மடித்து வையுங்கள், எல்லா இடமும் ஒரே தடிமனாகிவிடும்.

கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்ப்பது நல்லது. சின்ன மீன்களைத் தின்று தின்று அவற்றின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

வாங்கும்போது நல்ல மீனை எப்படிக் கண்டுபிடிப்பது?

முழு மீன் என்றால் கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் மேலெழும்ப வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. துண்டு மீனில் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. அங்கே ஓரங்களைப் பாருங்கள். காய்ந்து மஞ்சளித்திருக்கிறதா, ஏடுகளுக்கு நடுவே பிளவு விட்டிருக்கிறதா, அடியில் கலங்கிய நீர் தேங்கியிருக்கிறதா? ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

பிறகு மூக்கு. நல்ல கடல்மீன் கடற்காற்று மாதிரி வாசம் அடிக்கும், கவுச்சி அடிக்காது.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வாங்கினால் வீடு வந்து சேரும்வரை குளிர்ச்சியாகவே வைத்திருங்கள். வெதுவெதுப்பில் கிடந்தால் இந்த மீன்களில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கும். சாப்பிட்டால் முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு எல்லாம் வரும். அதைச் சமைத்துப் போக்க முடியாது. எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அப்படியே இருக்கும்.

உறைய வைத்த மீன் மட்டம்தானே?

நான் அப்படி நினைக்கவில்லை. பிடித்தவுடன் உறையவைத்த மீன், நான்கு நாள் ஐஸில் கிடந்த ‘ஃபிரெஷ்’ மீனைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் கரைப்பதில் அவசரம் கூடாது. முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், தண்ணீர் புகாத பையில் போட்டுப் பச்சைத் தண்ணீரில் மூழ்க வையுங்கள், அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். அரை கிலோ ஒரு மணி நேரத்தில் கரையும், கரைந்ததும் சமைத்துவிட வேண்டும். வெந்நீரிலோ சமையல் மேடையிலோ வைக்காதீர்கள், உள்ளே உறைந்திருக்கும்போதே வெளியே கெட ஆரம்பிக்கும்.

காற்று நீக்கிய உறையில் வந்த மீன் என்றால், ஃபிரிட்ஜில் வைக்குமுன் உறையைப் பிரித்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நச்சை உண்டாக்கும் பாட்டுலிசக் கிருமிக்கு இடம் கொடுக்கக்கூடாது.

மீனைக் கழுவ வேண்டாமா?

முழு மீன் என்றால் செதிலும் குடலும் ரத்தமும் போகக் கழுவித்தான் ஆக வேண்டும். சுத்தம் செய்து வந்த துண்டுக்கு அது தேவையில்லை. கழுவினால் தொட்டியைச் சுற்றிலும் தெறிக்கும், மீனிலும் ஈரம் ஏறும். மனசு கேட்கவில்லையென்றால் கழுவுங்கள், ஆனால் அதற்குப் பிறகு துணியாலோ காகிதத்தாலோ நன்றாக ஒற்றி எடுங்கள்.

15 நிமிடம் முன்பே உப்பு தடவிவைப்பதும் இதற்காகத்தான். உப்பு நீரை வெளியே இழுக்கும், அதைத் துடைத்துவிட்டால் மேற்பரப்பு காயும், சதையும் சற்று இறுகும். சமைக்கும்போது துண்டு உடையாது.

எலுமிச்சைச் சாற்றில் முன்பே ஊறவைக்கலாமா?

ஐந்து நிமிடம் என்றால் சரி. அரை மணி வைத்தால் புளிப்பே மீனின் புரதத்தை இறுக்கி வெளுக்கச் செய்துவிடும், வெந்த மாதிரித் தெரியும். அதை மறுபடி சூட்டில் வைத்தால் சக்கையாகும். எலுமிச்சை கடைசியில், தட்டில் பிழிவதற்கு.

சமைத்தால் வீடெல்லாம் வாடை. என்ன செய்வது?

கடல்மீனின் உடம்பில் வாசமே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெதிலமைன் ஆக மாற்றுகிறது. கவுச்சி என்று நாம் சொல்வது அதைத்தான். நாள் ஆக ஆக அது கூடும். எனவே முதல் மருந்து புது மீன். இரண்டாவது, எலுமிச்சை. புளிப்பு அந்த அமைனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றில் கிளம்பவிடாது. பழக்கம் என்று பிழிகிறோம், அதற்குள் ஒரு வேதியியல் இருக்கிறது.

குளத்து மீனில் வருவது வேறு வாடை, மண்வாடை. அது ஜியோஸ்மின் என்ற பொருளால். அதற்கும் புளிப்பே எதிரி.

வாணலியில் பொரிப்பதைவிட ஓவனில் வாடை குறைவு. எண்ணெய் தெறித்துப் புகைவதில்லையே. சாப்பிட்டு முடித்ததும் மீன் காகிதத்தையும் தோலையும் வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். பாதி வாடை குப்பைக்கூடையிலிருந்துதான் வருகிறது.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

பக்கவாட்டில் பாருங்கள். பச்சை மீன் கண்ணாடி மாதிரி லேசாக ஒளி ஊடுருவும். வேக வேக ஓரத்திலிருந்து பால்வெள்ளை உள்நோக்கி நகரும். முக்கால்வாசி நகர்ந்ததும் தடித்த இடத்தில் முள்கரண்டியை நுழைத்து மெல்லத் திருப்புங்கள். ஏடுகள் சறுக்கிப் பிரிந்தால் ஆயிற்று. ஒட்டிக்கொண்டு இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம். பிரிவதோடு நிற்காமல் பொடிந்து உதிர்ந்தால், மன்னிக்கவும், தாண்டிவிட்டது.

வெப்பமானி இருந்தால் வேலை சுலபம். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டல் மீனுக்குச் சொல்வது 63 டிகிரி. வெளியே எடுத்த பிறகும் உள்ளே இரண்டு மூன்று டிகிரி ஏறும் என்பதால் 60-ஐத் தாண்டியதும் எடுத்து, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

சால்மன் மேல் வெள்ளையாக ஏதோ கசிகிறதே, கெட்டுப்போனதா?

இல்லை. அது ஆல்புமின் என்ற புரதம். தசை சூட்டில் சுருங்கும்போது பிதுங்கி வெளியே வந்து உறைகிறது. தாராளமாகச் சாப்பிடலாம். நிறைய வந்திருந்தால், சூடு அதிகம் அல்லது நேரம் அதிகம் என்று அர்த்தம்.

ஓவன் இல்லை. அடுப்பில் முடியுமா?

முடியும், மொறுமொறுப்பு இன்னும் கூடவே கிடைக்கும். வார்ப்பிரும்பு வாணலி இருந்தால் அதுதான் ராஜா.

அரைவேக்காட்டு உருளையை இரண்டு கரண்டி எண்ணெயில், மிதமான சூட்டில், ஒரே அடுக்காகப் பரப்பி வறுக்கவும். குவித்துப் போட்டால் வறுபடாது, ஆவியில் வேகும். சும்மா சும்மா கிளறாதீர்கள். ஒரு பக்கம் பொன்னிறமாக ஐந்தாறு நிமிடம் ஆகும், பிறகு புரட்டுங்கள். மொத்தம் 20 நிமிடம். வேறு தட்டில் எடுத்து மூடாமல் வையுங்கள், மூடினால் ஆவி படிந்து நமத்துப்போகும்.

அதே வாணலியில் இன்னொரு கரண்டி எண்ணெய். எண்ணெய் நெளிந்து மின்னும்போது, துடைத்த மீனைத் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். வைத்தவுடன் தோல் சுருங்கி மீன் வில்லாக வளையப் பார்க்கும், தோசைத்திருப்பியால் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும். முக்கால்வாசி வேக்காடு அந்தப் பக்கத்திலேயே ஆகட்டும், ஐந்தாறு நிமிடம். திருப்பிப் போட்டு ஒரு நிமிடம், ஒரு துண்டு வெண்ணெய், நசுக்கின பூண்டு, அடுப்பை அணை. உருகின வெண்ணெயை மேலே மொண்டு ஊற்றுங்கள்.

மீன் வாணலியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோகிறது.

மூன்று காரணம்: வாணலி போதுமான சூடு இல்லை, மீன் ஈரம், உங்களுக்கு அவசரம். பெரும்பாலும் மூன்றாவதுதான். ஆரம்பத்தில் எல்லா மீனும் ஒட்டும். தோல் வறுபட்டு இறுகியதும் தானாக விடும். தள்ளிப் பார்த்து நகரவில்லையென்றால் அது இன்னும் தயாராகவில்லை, விட்டுவிடுங்கள்.

ஏர்ஃபிரையர்?

நடக்கும். உருளை 200 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம், இடையில் ஒருமுறை குலுக்கல். மீன் 190-ல் எட்டு நிமிடம் கழித்துப் பார்க்கத் தொடங்குங்கள். கூடை சின்னது என்றால் இரண்டு பேருக்கு மேல் கஷ்டம்.

வறுவல் வேண்டாம், மசித்த உருளை போதும் என்றால்?

மாவு ரகத்தை முழுசாக வேகவைத்து, ஆவி போக விட்டு, சூட்டோடு கையால் மசியுங்கள். முதலில் வெண்ணெய், பிறகு சூடான பால். மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மாவுச்சத்துச் செல்கள் உடைந்து பசை மாதிரி ஆகிவிடும். சுவரொட்டி ஒட்டத்தான் உதவும்.

முளைவிட்ட, பச்சை படிந்த கிழங்கு?

பச்சை நிறம் வெளிச்சம் பட்டதற்கு அடையாளம். கூடவே சோலனின் என்ற நச்சும் சேர்ந்திருக்கலாம், அது வேகவைத்தால் போகாது. கொஞ்சம் பச்சை, சின்ன முளை என்றால் ஆழமாகச் சீவி எறிந்துவிட்டு மீதியை எடுக்கலாம். நிறையப் பச்சை, அல்லது சுருங்கிக் கசந்தால் முழுசாகக் குப்பைக்கு. இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இந்தப் பிரச்சினை தள்ளிப்போகும். வறுக்கப்போகிற கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாகி, வேகுமுன்னே கருகும்.

குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். முள்ளை நினைத்தால் பயம்.

நியாயமான பயம். சமைக்குமுன் துண்டின் நடுக்கோட்டில் தலைப்பக்கம், வால்பக்கம் என்று இரண்டு திசையிலும் விரலைத் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கும் முள் மறுதிசையில் குத்தும். சின்ன இடுக்கியால் அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள், சதை கிழியாது. வெந்த பிறகும் ஏடு ஏடாகப் பிரித்து, விரலால் ஒருமுறை நசுக்கிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

முள் சிக்கிவிட்டால், எதையாவது உருட்டி விழுங்கச் சொல்லாதீர்கள். இன்னும் ஆழமாக இறங்கலாம். இருமியும் போகவில்லையென்றால் மருத்துவரிடம்.

மிச்சமானால்?

இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் இரண்டு நாள் வரை நன்றாக இருக்கும். ஆனால் அப்படியே சூடாக்காதீர்கள். மைக்ரோவேவில் வைத்த மீனின் வாடைக்கு அக்கம்பக்கமே திரும்பிப் பார்க்கும், உருளையும் தோல் மாதிரி ஆகியிருக்கும். நான் வேண்டுமென்றே கொஞ்சம் மிச்சம் வைப்பதே கட்லெட்டுக்காகத்தான். மீனை உதிர்த்து, முள் இருக்கிறதா என்று மறுபடி பார்த்து, உருளையை முள்கரண்டியால் அரைகுறையாக மசித்துச் சேருங்கள். நறுக்கின வெங்காயம், மிளகு, ஒரு முட்டை. தட்டையாகத் தட்டி, அரை மணி நேரம் குளிரவைத்து, ரொட்டித் தூளில் புரட்டி, மிதமான சூட்டில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். குளிரவைக்கும் அந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்தால் வாணலியில் பிரிந்துபோகும்.